ஸஹாப்தீனின் கார் ஏன் கொதித்தது

மாமனார் அடித்துத் துரத்தினாராமா? ஆர் சொன்னது, றம்லா? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாதி கேட்டுவிட்டு முழுக்கதை சொல்லாதே. அது ஸல்ஹாவுக்குச் சீதனமாக எழுதின வீடு. அவளுடைய புருஷனை அங்கிருந்து துரத்த அவளுடைய வாப்பாவுக்கே ஏலாது. என் தம்பி ஸெய்னுதீன் தன் காலால்தான் வெளிக்கிட்டவன்.

அவனுக்குக் கிண்ணியாவில் ஒரு கராஜ் போட ஆசை. மாமனார் ஸஹாப்தீனுக்குப் புடவைக்கடை. மருமகன் கையில் கிரீஸ் பட்டால் அவருக்கு வெட்கம். கடைசியில் சொன்னார்: "முதல் என் காரின் கொதிப்பை நிப்பாட்டு, பிறகு கராஜ் போடு. ஏலாவிட்டால் பேசாமல் கடையில் இரு."

அந்தப் பழைய மொரிஸ் கார் திருகோணமலைக்குப் போகிற நாளெல்லாம் வழியில் ஆவி விடும். புதுச் சாமான் கப்பலில் வராத காலம். தம்பி ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். விசிறி வாரை இறுக்கினான். எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்து, எண்ணெயில் தண்ணி கலந்து பால் மாதிரி இருக்கா என்று பார்த்தான். இல்லை. முற்றத்தில் ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டான். நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. அடுத்த நாள் மாமனார் ஓட்டிக்கொண்டு போக, படகுத்துறை தாண்டினதும் கொதித்தது. ஊர் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரிச்சனான், ஏன் பொய் சொல்ல?

பிறகுதான் மாமனாரோடு கூடப் போனான். முதலிலேயே போயிருக்கலாம், அவனுக்கு யோசனை எப்போதும் பிந்தித்தான் வரும். துறையில், வாகனம் ஏற்றுகிற பாதைப் படகில் காரை ஏற்ற முன்னம் மாமனார் ஒரு சாக்கை எடுத்து முன்பக்கத்தை இறுக்கி மூடிக் கட்டினார். உப்புத்தண்ணி எஞ்சினில் தெறிக்கக் கூடாதாம். அக்கரையில் இறங்கியும் அவிழ்க்கவில்லை. திரும்பி வரவும் வேணுமே! வீட்டுக்கு வந்தால்தான் அவிழ்த்து மடித்து வைப்பார்.

சீனக்குடாவில் ஆவி கிளம்பியது.

"மாமா, இந்த வெயிலில் உங்களைச் சாக்கால் மூடிவிட்டு ஓடச் சொன்னால்?"

"விசரா, மூச்சு முட்டும்."

"எஞ்சினுக்கும் காத்து வேணும், மாமா."

சாக்கை அவிழ்த்தான். எஞ்சின் ஆறின பிறகு தண்ணி ஊற்றினான். போய் வரும் மட்டும் ஒரு கொதிப்பும் இல்லை.

மாமனார் சொல் மாறாத மனுஷன், கராஜ் போட விட்டார், ஆனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை கராஜைத் திறக்கப் போகத் தம்பி ஸ்பானர் சாவிப் பையைத் தோளில் போட்டான். "போறவன் போகட்டும்!" என்று கதிரையில் இருந்தபடி கத்தினார். நீ கேட்டது அதைத்தான்.

ஸல்ஹா குசினிக்குள் இருந்து, "பகல் சோத்துக்கு வந்திடுங்க. கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

"ஓம்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலால் இறங்கினான்.