மோட்டார் கொட்டகையில் எடுத்த பாட்டு

எங்கள் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்து கிடாரின் அதிர்வு அடங்கியதும், ஓர் ஆண் குரல் "ஆச்சா?" என்று கேட்கும். பேட்டி எடுக்கிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். பெங்களூரில் ஒருவர், அது கேட்பவரை நோக்கிய தத்துவக் கேள்வியா என்றார். இல்லை. அது என் அப்பா. அவர் கொட்டகைக்கு வெளியே வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மோட்டார் போடவேண்டியிருந்தது.

நாங்கள் இரண்டு பேர்தான் குழு. நான் கிடார் வாசித்துப் பாடுவேன். டிரம்ஸ் வாசிப்பவன் அப்போது ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். நான் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் மின்னியல் பொறியியல் முடித்திருந்தேன். பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் ஒலிப்பதிவு. அதில் இரண்டு விசைகள் கழன்றிருந்தன, மற்றபடி உழைத்தது.

பேருந்து ஹாரனும் ஒலிபெருக்கியும் எட்டாத ஒரே இடம், வயலில் இருந்த எங்கள் மோட்டார் கொட்டகை. சுவரில் நெல் சாக்குகளைத் தொங்கவிட்டால் எதிரொலி இருக்காது. ஒரே தொல்லை, மோட்டார். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், எங்கள் பக்கம் எல்லோரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவைப்பார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். பாதிப் பாட்டில் ஓடினால் அன்றைய பதிவு போச்சு. ஆகவே கதவின் உட்புறம் சாக்பீஸால் ஒரு பட்டியல் எழுதினேன். முதல் வரி, 'ஆட்டோ ஆஃப்'. பிறகு செல்போன் வெளியே, சாக்குகள் சரியா, பல்லியை விரட்டவும், இப்படி ஒன்பது வரிகள். ஒன்பதாவது, 'இரண்டு பிரதி எடு'. ஆட்டோவைத் திரும்பப் போடவேண்டும் என்ற வரி மட்டும் இல்லை. தினமும் சாயங்காலம் அப்பா வந்து அவரே போட்டுவிடுவார். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த ஆண்டு குறுவைக்கு நாற்றங்கால் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தபோது, எரிவாயுக் குழாய் பதிக்க எங்கள் வயல்களில் அளவுக்கல் நட்டார்கள். எங்கள் ஒரு ஏக்கரிலும் ஒரு கல். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். கொடி பிடித்து, வழக்கு நடத்தி, பட்டா எங்கள் பேருக்கு வந்தது நான் பிறந்த ஆண்டில். அப்பா மறியலுக்குக் கிளம்பினார். அம்மா வேளாங்கண்ணியில் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

"மோட்டார் ஆட்டோல கெடக்கு. நீ நாத்த மட்டும் ஒரு பார்வ பாத்துக்க" என்றார் அப்பா.

மறியலில் கைதானவர்களை வழக்கமாகக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இந்த முறை சிறைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரில் நாற்றங்கால் விட்டிருந்த எல்லோரும் உள்ளே. அப்பா கிளம்பிய அன்று காலையிலேயே நாங்கள் இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து முடித்திருந்தோம். அதன் பிறகு நான் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவற்றைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். வேலையில் இருந்தால் அப்பாவை நினைத்துப் பயம் வராது என்பதும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் வேட்டி, பிஸ்கட், மாத்திரை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர் முதலில் கேட்டது, "நாத்து எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா" என்றேன். வயல் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள், மீதமிருந்த ஒரு பாட்டுக்காக டிரம்ஸ்காரன் வந்தான். நேராக வயலுக்குப் போனவன் அங்கிருந்து போன் செய்தான். "ஏய், உங்க நாத்து சோகை புடிச்ச கன்னுக்குட்டி கணக்கா இருக்கு. உடனே வா."

ஓடினேன். மேட்டுப் பக்கம் வைக்கோல் நிறத்தில் கருகியிருந்தது. பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. தரையில் விரல் நுழையும் வெடிப்பு. கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்டர், பதிவன்று காலை நான் ஆஃபில் திருப்பிவைத்தபடியே இருந்தது. நான்கு நாள் மின்சாரம் வந்து வந்து போயிருக்கிறது. மோட்டாரின் சத்தம் வீடுவரை கேட்கும். அது கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஆறாம் நாள் அப்பாவுக்கு ஜாமீன் கிடைத்தது. வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்க முடியாமல், பேருந்து நிலையத்து டீக்கடையிலேயே சொல்லிவிட்டேன். அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"நீ பொய் சொன்னா ஒங்கம்மா மாதிரியே மூக்க தேய்ப்ப. அன்னிக்கே தேய்ச்ச. சரி, பாக்கல போலன்னு நெனச்சேன். காய்ஞ்சிருக்கும்னு நெனைக்கல."

"திட்டுங்கப்பா."

"திட்டுனா முளைக்குமா?"

வயலில் இறங்கி மண்ணை அழுத்திப் பார்த்தார். "பாதி தேறும்" என்றார். மீதிப் பாதிக்கு, அவரோடு உள்ளே இருந்த திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவரிடம் போனோம். ஆற்றுப் பக்கம் என்பதால் அவருடைய நாற்று தேவைக்கு மேலேயே இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டுக்காரம்மா இவங்கதானா? உள்ள ஒங்கப்பாரு ஒங்க பாட்டப் பத்திப் பேசியே எங்கள தூங்க விடல. நாத்து முடி தூக்குவீங்களா, இல்ல அதுக்கும் மைக்கு வேணுமா?"

தூக்கினேன். ஈரம் சொட்டும் கட்டுகளை வேன் வரைக்கும் சுமந்ததில் கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. அப்பா எனக்குப் பாட வருமா வராதா என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சிறையில் சொல்லியிருக்கிறார்.

நடவு முடிந்த மறுநாள் அவரே கேட்டார். "இன்னும் ஒரு பாட்டு பாக்கின்னியே?"

"அது வேணாம்ப்பா. பயிருக்குத் தண்ணி வேணும்."

"ஒரு பாட்டு எம்புட்டு நேரம்? அஞ்சு நிமிஷமா? அஞ்சு நிமிஷத்துல பயிரு ஒண்ணும் கோச்சுக்காது. பாடு. நான் வெளியில இருக்கேன்."

உள்ளே போனதும் கதவைப் பார்த்தேன். என் ஒன்பது வரிகளுக்குக் கீழே, கையெழுத்துப் போட மட்டுமே பழகிய கை கோணலாக எழுதியிருந்தது: '10 மோட்டார்'.

மூன்று முறை பாடினோம். இரண்டு முறை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். டிரம்ஸ்காரன் குச்சிகளைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினான். மூன்றாவது முறை கடைசிச் சுரம் அடங்கியதும் வெளியிலிருந்து அவர் குரல். "ஆச்சா?"

அந்த இடத்தோடு பதிவை வெட்டிவிட்டேன். பதில் ஆல்பத்தில் இல்லை. கிடாரைக் கழற்றாமலே எழுந்துபோய் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டேன். மோட்டார் உறுமி, குழாயில் முதலில் காற்றும் பிறகு தண்ணீரும் வந்தது. அப்புறம்தான் சொன்னேன்.

"ஆச்சுப்பா."