சி இல்லாத சி கார்டு

ஹோட்டலில் பியானோ வாசிப்பவரை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. தவறு மட்டும் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். நாற்பது ஆண்டுகள் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துவிட்டு, அறுபத்தெட்டு வயதில் ஜார்ஜ் டவுன் ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் வாசிக்கப் போனேன். நான்கு சனிக்கிழமை மாலைகள் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்கிறோம் என்றார் மேனேஜர் சிவா. வயதான பிறகு ஜாஸ் பழகும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

அச்சுப்பிழை

கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு; சி கார்டு என்றால் அடியில் சி ஒலிக்க வேண்டும். கோயிலில் அப்படித்தான். ஜாஸ் புத்தகத்திலோ மேலே சி என்று போட்டு, கீழே இடது கைக்கு ஈ, ஜி, பி, டி என்று நான்கு சுரங்களை அடுக்கியிருந்தார்கள். சி-யைக் காணோம். அச்சிட்டவர் தூங்கிவிட்டார் என்று எண்ணி, விடுபட்ட அடிச்சுரங்களைப் பக்கம் பக்கமாகப் பென்சிலால் எழுதிச் சேர்த்தேன். முதல் ஒத்திகையில், அடிச்சுரங்களுக்கான பேஸ் வாத்தியம் வாசிக்கும் பீட்டர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அக்கா, அந்த சி என் வேலை லா. அதையும் நீங்களே வாசிச்சா, இவ்ளோ பெரிய வாத்தியத்த நான் எதுக்குத் தூக்கிட்டு வர்றேன்?"

இடது கால்

பென்சில் குறிகளை அழித்தேன். கை கேட்டது, கால் கேட்கவில்லை. ஆர்கனில் அடிச்சுரத்தைக் காலால்தான் மிதிப்போம். இல்லாத சி-யைத் தேடிப் போன என் இடது கால், பியானோவின் இடது பெடலை மிதித்தது. அது ஒலியைத் தணிக்கும் பெடல். இரண்டாம் சனிக்கிழமை, பாட்டின் உச்சம் வந்தபோதெல்லாம் பியானோ முணுமுணுத்தது. சிவா அருகில் வந்து குனிந்தார்.

"ஆண்ட்டி, நல்ல இடம் வந்தா மட்டும் ஏன் வெக்கப்படுறீங்க?"

மல்லிகாவின் சந்தேகம்

இடது காலை நாற்காலிக்குப் பின்னால் மடக்கிக்கொள்ளப் பழகினேன். நான் குடியிருக்கும் கெலுகோர் ஃபிளாட்டில் பேஸ் கிடையாது; பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லாத வீடு. நான்கு சுரங்களும் தரை தொடாமல் தொங்கின. ஒருநாள் கார்டை அழுத்திக்கொண்டே, அடிச்சுரத்தைத் தாழ்ந்த குரலில் நானே பாடினேன். அப்போது புரிந்தது. அவை சி-யை மறந்தவை அல்ல. கீழே அது இருக்கிறது என்று நம்பி மேலே உலாவுபவை. அந்த மகிழ்ச்சியில் குரலை நிறுத்தி, விரல்களால் மட்டும் மறுபடி வாசித்தேன். எதிர்வீட்டு மல்லிகா கதவைத் தட்டினாள்.

"ஏன்க்கா, அரை மணி நேரமா பாட்டு தொடங்கப் போற மாதிரியே இருக்கு. எப்ப தொடங்கும்?"

நான்காம் சனிக்கிழமை

பீட்டர் இருப்பது கடல் பாலத்துக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். அன்று பாலத்தில் நெரிசல். "கார் நகரலக்கா, நீங்க தொடங்கிடுங்க" என்று போன் செய்தார். எனக்கோ கடைசி மாலை. புத்தகத்தில் உள்ளபடி வாசித்தால் மல்லிகா கேட்டதையே சிவாவும் கேட்பார். ஆகவே இடது கையால் முதலில் அடிச்சுரத்தை ஆழத்தில் தட்டினேன். அது அடங்குமுன் மேலே தாவி நான்கு சுரங்களையும் பிடித்தேன். இரண்டு ஆள் வேலை. நாற்பது நிமிடம் கை தடுமாறவில்லை.

கடைசிப் பாட்டுக்கு பீட்டர் வியர்த்து ஓடிவந்து நின்றார். அடிச்சுரத்தை அவரிடமே விட்டேன். பாட்டு மூச்சுவிட்டது. முடிந்ததும் சிவா வந்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் வந்துடுங்க ஆண்ட்டி. அவர மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்க."

எந்தச் சுரத்தை விடலாம் என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். எந்தச் சனிக்கிழமை அதை விடலாம் என்பதைப் பாலத்து நெரிசல்தான் சொல்ல வேண்டும்.