கல்வராயன் குளிரும் கடைவாய்ப் பல்லும்

கள்ளக்குறிச்சியில் திறமை என்ற சொல்லைப் பல் டாக்டர் இளஞ்செழியன் அளவுக்குத் தேய்த்தவர் யாரும் கிடையாது. அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். வடக்கே மருத்துவ மாணவர்கள் இட ஒதுக்கீட்டை எதிர்த்து, இனி எங்களுக்கு இதுதான் வேலை என்று வெள்ளைக் கோட்டோடு ரோட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கிளினிக் டிவியில் அதைக் காட்டி, "கோட்டாவுல வந்தவன் கையில வாயக் குடுத்தா இன்னா ஆவும், சொல்லுங்க" என்று நோயாளிகளைக் கேட்பார் டாக்டர். கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்கள் என்னத்தைச் சொல்வார்கள்? களமருதூர் நஞ்சையை விற்று அப்பா கர்நாடகத்தில் வாங்கிக் கொடுத்த சீட்டில் படித்தவர் இந்தத் திறமைசாலி.

அதே கிளினிக்கில் அவருக்குக் கீழே வேலை பார்த்தாள் ஜெயசுதா. கருணாபுரம் கூலிக்காரர் பிச்சைமுத்துவின் மகள். கோட்டாவில் படித்துப் பல் டாக்டரானவள். டிவியில் துடைப்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அம்மா தைலம்மாள் வருஷக்கணக்காகக் கடைத்தெருவைப் பெருக்கினாள். ஒரு கேமராவும் வந்ததில்லை. ஆனாலும் ஜெயசுதா வாயைத் திறக்கவில்லை. மேற்படிப்புக்குப் போகவேண்டும், அதற்கு ஓர் ஆய்வுக் கட்டுரையில் தன் பேர் வரவேண்டும் என்பதே அவள் குறி.

கட்டுரைக்கு விஷயமும் கையில் இருந்தது. பல் குழியில் அடைக்கும் ரெசின் பசை, நீல விளக்கு பட்டதும் இறுகும். இறுகும்போது சுருங்கிப் பல்லின் சுவரைப் பிடித்து இழுக்கும். அப்புறம் விரிசல், கூச்சம், நோயாளி திரும்பவும் வாசலில் நிற்பார். எந்த இடத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க, கடைவாய்ப் பல் ஒன்றைத் திரையில் பொடிப்பொடித் துண்டுகளாக அடுக்கினாள். அந்த மென்பொருளுக்கு விளக்கும் தெரியாது, பசையும் தெரியாது. குளிர்ந்தால் பொருள் சுருங்கும் என்பது மட்டும் தெரியும். ஆகவே ரெசின் நூறு டிகிரி குளிர்வதாக ஒரு பொய்க்கணக்கைக் கொடுத்தாள். இந்த வேலை தெரிந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தந்திரம்தான். குழியின் ஓரமெல்லாம், இழுப்பு அதிகம் என்று காட்டும் சிவப்பு படர்ந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

டாக்டருக்கும் தாங்கவில்லை. "சென்னை மாநாட்டுல நானே படிச்சிடறேன்" என்றார்.

"என் பேரு, சார்?"

"பேரப் போட்டா யாரு, எந்தூருன்னு கேப்பாங்க. கோட்டா கேசுன்னு தெரிஞ்சா சபை மதிக்காதும்மா. அடுத்த தபா பாத்துக்கலாம். நீயும் வா, படம் மாத்த ஆளு வேணும்ல."

ஜெயசுதா போனாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து படம் மாற்றினாள். முதல் படத்தில் இளஞ்செழியன் பேர் மட்டும் கொட்டை எழுத்தில் நின்றது.

படித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியை எழுந்தார். "வெளிச்சத்தில் இறுகும் பசையை எதற்குக் குளிர வைத்தீர்கள்?"

டாக்டர் அதை ஜெயசுதாவிடம் கேட்டதே இல்லை. தனக்குக் கீழே இருப்பவளிடம் சந்தேகம் கேட்பது அவர் வழக்கத்தில் கிடையாது. சற்றும் அசராமல் சொன்னார்: "எங்க பக்கம் கல்வராயன் மலைங்க. வெள்ளிமலையில விடிகாலையில பாத்தீங்கன்னா அப்படி ஒரு குளுரு. மலை சனங்க பல்லு அதுலதானே கெடக்குது!"

"நூறு டிகிரி இறக்கியிருக்கிறீர்களே. அங்கே மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா?"

அரங்கம் சிரித்து உருண்டது. டாக்டர் மேடை ஓரத்துப் பக்கம் திரும்பினார். "அந்தக் கணக்கு பூரா நம்ம டாக்டர் ஜெயசுதா போட்டதுங்க!" என்று கையை நீட்டினார். அதுநாள்வரை அவர் அவளை டாக்டர் என்று சொன்னதில்லை.

ஜெயசுதா எழுந்தாள். இன்றோடு வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது. "குளிர் நெஜமில்லீங்க மேடம். பசை சுருங்கறத மென்பொருளுக்குப் புரிய வைக்கத்தான் அப்படிக் குடுத்தேன்" என்றாள்.

பேராசிரியை தலையசைத்தார். "சரியான வழிதான். அப்புறம் ஏன் கட்டுரையில் உன் பேர் இல்லை?"

"கோட்டாவுல வந்தவ பேரப் போட்டா இந்தச் சபை மதிக்காதுன்னு சார் சொன்னாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. இளஞ்செழியன் மைக்கை அணைக்கப் பொத்தானைத் தேடினார். அது அகப்படவில்லை.