ஹெலன் அம்மா தனியாக வந்த வியாழக்கிழமை

பேய், ஆவி இதெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவில் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். ஓசூரில் வண்டிக்கு பார்ட்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவன் நான். அளவு ஒரு நூல் கூடினாலும் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவேன், யார் கெஞ்சினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதுகூட என் மனைவி ஸ்டெல்லா திட்டுவாள் என்றுதான்.

வேலை போன பிறகு ஒரு பழைய காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் சபை மூலமாக வால்டர் ஐயாவும் ஹெலன் அம்மாவும் வந்தார்கள். நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பண்ணையை விற்றுவிட்டு இரண்டு வருட ஊழியத்துக்கு என்று இங்கே வந்து, பாகலூர் ரோடு பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். அவர்கள் பிரசங்கம் செய்து நான் பார்த்ததில்லை. சாவு விழுந்த வீடு, ஆள் படுத்துவிட்ட வீடு என்று தேடிப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதான் ஊழியம். கார் ஓட்டுவதும் நான், அவர்கள் பேசுவதைத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ எடுத்துச் சொல்வதும் நான்.

துக்க வீட்டைக் கண்டுபிடிக்க ஐயாவுக்கு ஒரு வழி இருந்தது. விடிந்ததும் கஞ்சியைக் குடித்துவிட்டு, வாசலைத் தானே பெருக்கிவிட்டு (எதிர் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள், அவர் கையை ஆட்டுவார்) தெருத்தெருவாக நடப்பார். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தால் போனில் படம் பிடித்து வருவார், நான் ஊரையும் பேரையும் படித்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் யாரோ கவுன்சிலரின் பிறந்தநாள் போஸ்டரைக் காட்டி, பாவம், இந்த வயதிலேயே எப்படி இறந்தார் என்று கேட்டார். அன்றைக்கு ஹெலன் அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு உத்தனப்பள்ளி, வெங்கடம்மா வீடு. தெலுங்குக்காரர், புருஷன் இல்லை. மகன் சீனு ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கிளம்பியவன் வீட்டுக்கு வரவில்லை. ஏரிக்கரையில் அவன் பைக் மட்டும் நின்றிருந்தது. தண்ணீரில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வெங்கடம்மா வீட்டுக் கதவைச் சாத்தவே இல்லை, ராத்திரியிலும் திறந்தே கிடக்கும். காலில் சர்க்கரைப் புண். மத்தூரில் இருக்கும் மகள் லட்சுமி வாராவாரம் வந்து, என்னோடு வந்துவிடு, ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று கெஞ்சுவாள். சீனு வந்து வீடு பூட்டியிருந்தால் எங்கே போவான் என்பார் இவர்.

முதல் தடவை போனபோதே வெங்கடம்மா ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய வேகவைத்த கடலைக்காய் கொடுத்தனுப்பினார். மூடியில் புள்ளி புள்ளியாக 'சீனு' என்று பேர் வெட்டிய தூக்கு. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை அம்மா என்று ஹெலன் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். சர்க்கரையோ பழமோ வைக்கச் சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மா அடுத்த வாரம் தூக்கு நிறையத் தண்ணீர் பிடித்து, காரில் தளும்பாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வெங்கடம்மா சிரித்துவிட்டு அதை முருங்கை மரத்துக்கு ஊற்றினார். அதிலிருந்து வாராவாரம் கடலையோ களியோ போகும், தண்ணீர் வரும்.

மூன்றாவது வாரம்தான் அது நடந்தது. "எம்புள்ள வருவானான்னு கேளுப்பா ராஜு" என்றார் வெங்கடம்மா. நான் கேட்டேன். ஹெலன் அம்மா இங்கிலீஷில் சொன்னார்கள். என் மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை, பதினோரு வருடம் வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தேன், அவன் வரவில்லை, உன் மகன் வருவான் என்று என்னால் சொல்ல முடியாது, கதவைச் சாத்திவிட்டு மகளோடு போய் இரு.

வெங்கடம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புங்கள், அந்த முகத்துக்கு நேராக அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. "அவங்க பையனும் இப்பிடித்தான் காணாம போனானாம்மா. பதினோரு வருசம் கழிச்சு வந்து நின்னானாம். உங்க பையனும் வருவான்னு சொல்றாங்க" என்றேன்.

வெங்கடம்மா சிரித்தார். திரும்பி வரும்போது காரில் ஹெலன் அம்மா, அவர் ஏன் சிரித்தார் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் துக்கம் தாங்காவிட்டால் அப்படித்தான் என்றேன். அதற்கும் ஒரு பொய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்கிறோம், ஒரு தாய்க்கு ஆறுதலாக ஒன்று சொன்னால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வாராவாரம் வெங்கடம்மா "அவங்க பையன் சௌக்கியமா?" என்று கேட்பார், நான் அதை 'நீங்கள் சௌக்கியமா' என்று மாற்றிக் கேட்பேன், அந்த அம்மாவும் சௌக்கியம் என்று தலையாட்டுவார்கள். ஹெலன் அம்மா வந்து பேசிய பிறகாவது கிழவி மனசு மாறும் என்று லட்சுமி நினைத்திருந்தாள். வெங்கடம்மா முன்னைவிடப் பிடிவாதமாகிவிட்டார். கால் புண் வாரத்துக்கு வாரம் மேலே ஏறியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊழியம் முடிய நாலு மாதம் இருக்கும்போது ஹெலன் அம்மாவுக்கு நெஞ்சுவலி. பெங்களூருக்குக் கொண்டுபோனோம். எட்டு நாள் இருந்துவிட்டு ஒரு புதன்கிழமை விடியற்காலையில் போய்விட்டார்கள். அவர்களுக்கு உடுத்தத் துணி எடுக்க அன்றைக்கு நான்தான் மாடி வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில் வெங்கடம்மாவின் தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன், மூடியில் பேரைப் படித்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஓசூர் கல்லறையில் அடக்கம் செய்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

வெங்கடம்மாவிடம் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்வதற்காகப் போனேன். இரண்டு வருடமாகத் திறந்தே கிடந்த கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நேத்து அம்மா வந்தாங்க" என்றார்.

"எந்த அம்மா?"

"நீ கூட்டிட்டு வர்ற அம்மாதான். நாலு மணிக்கு, தனியா. வண்டி கூட இல்ல. அவங்க புள்ள வரவே இல்லயாமேப்பா. பதினோரு வருசம் வாசல் வெளக்க அணைக்காம இருந்தாங்களாமே. அன்னைக்கே இதத்தான் சொன்னேன், நீ ஏன் சிரிச்சேன்னு கேட்டாங்க."

விளக்கைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த அம்மாவுக்குத் தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. எந்தப் பாஷையில் பேசினார்கள் என்று கேட்டேன்.

"தெலுங்குலதான். மொகம் அவங்க மொகம். கொரலு உன்னுது" என்று சொல்லி, திண்ணையில் இருந்த தூக்கைக் காட்டினார். சீனு என்று பேர் வெட்டிய அதே தூக்கு. விளிம்பு வரை தண்ணீர்.

அம்மா செத்துப்போன விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். நேரே மாடி வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். ஐயா அடக்கத்துக்குப் பிறகு பாஸ்டர் வீட்டில் இருந்தார், வேறு யாரும் அங்கே வந்திருக்க வழியில்லை. அலமாரியில் தூக்கு இல்லை, அது இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் ஐயாவை ஏர்போர்ட்டில் விட்டேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஹெலன் சொன்னதை எல்லாம் நீ அப்படியே சொன்னாய் அல்லவா, அதுதான் எனக்கு மிச்சம் இருக்கும் ஆறுதல் என்றார். சொன்னேன் ஐயா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

வெங்கடம்மா மகளோடு மத்தூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். உண்மை தெரிந்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். காலம் கடந்துவிட்டிருந்தது. முட்டிக்கு மேலே காலை எடுத்தார்கள், அப்புறமும் தேறவில்லை. அந்த அம்மா சொன்னதை அன்றைக்கே உள்ளபடி எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் முன்பே போயிருப்பார், காலும் இருந்திருக்கும். அது என் தலையில்தான். லட்சுமி போன் செய்து சாவுச் சேதி சொன்னபோது மத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள். "இன்னைக்காவது உள்ள வாங்கண்ணா. வியாழக்கிழமைல நாலு மணிக்கு வந்து கதவுக்கு வெளியவே நின்னு அம்மாகிட்ட பேசிட்டுப் போயிடுவீங்களே. நான் வந்து தெறக்கறதுக்குள்ள போயிடுவீங்க" என்றாள்.

"நான் வந்ததில்லம்மா."

"நானே கேட்டேனேண்ணா, உங்க கொரலு எனக்குத் தெரியாதா? வரமாட்டான், வரமாட்டான்னு."

மத்தூரில் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இப்போது யாருக்கும் மொழிபெயர்க்கப் போவதில்லை. வியாழக்கிழமை நாலு மணி ஆனால் வாயைத் திறக்க மாட்டேன், ஸ்டெல்லா காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன்.