தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடியும் ஓர் எட்டும்

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தேன். எனக்குச் சிராய்ப்பு. போனுக்கு முகமே போச்சு.

வீட்டுக்கு வந்தால், என் மனைவியின் தம்பி ரமேஷ் சோபாவில் இருந்தான். விழுந்த கதையைக் கேட்டவன் அடி பலமா என்று கேட்கவில்லை. விரல் விட்டு என் செல் நம்பரைக் கூட்டினான்.

"மாமா... எட்டு! சனி! உடனே நம்பரை மாத்துங்க."

எட்டா? பதினைந்து வருஷமாகச் சனியையா சட்டைப் பையில் வைத்திருந்தேன்? கேஸ், பேங்க், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான். போகட்டும்... அனகாபுத்தூரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் அதுதான். மாற்றினால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவார்? மாற்றாவிட்டால் நான் இருப்பேனா?

அந்த நேரம் பார்த்து, மோட்டார் போட்டாச்சா என்று கேட்க எதிர் ஃபிளாட் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். கணக்கு டீச்சர். எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்துப் பார்க்காமல் விடமாட்டார். என் நம்பரைத் தன் போனில் தட்டினார்.

"சார்! இது பகா எண்!"

"ஐயோ... அது வேறயா?"

"பயப்படாதீங்க சார். தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி! ஒண்ணையும் அதையும் விட்டா, வேற எதனாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. இவ்வளவு பெரிய நம்பர்ல, இருபது இருபத்தஞ்சுல ஒண்ணுதான் இப்படி அமையும்."

ரமேஷ் விடவில்லை. "அதெல்லாம் சரி டீச்சர், கூட்டினா எட்டு வருதே?"

"உங்க நம்பர் என்ன வருது?"

"ஒன்பது! தேடிப் புடிச்சு வாங்கினது."

"அப்ப அது பகா எண் இல்ல."

"நான் நம்பரையே சொல்லலையே!"

"சொல்லவே வேணாம் தம்பி. ஒன்பது வந்தா மூணால கண்டிப்பா வகுபடும். மூணு, ஆறு வந்தாலும் அதே கதிதான். நீங்க ராசின்னு தேடற இந்த மூணு வகை நம்பர் எதுவும் பகா எண்ணா இருக்கவே இருக்காது."

ரமேஷின் முகம் என் போன் மாதிரி ஆகிவிட்டது. நான்? நம்பரை மாற்றுவதில்லை என்று அறிவித்தேன்... ஏதோ அந்த எண்ணைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல. அப்பாவுக்குப் போன் போட்டேன். "இப்ப எதுக்குடா கூப்பிட்ட?" என்றார். நிம்மதி!

மறுநாள் ரமேஷ் கேம்ப் ரோடு சிம் கடைக்குப் போய், "எதனாலயும் வகுபடாத நம்பரா குடுங்க" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் திகைத்துப் போனாராம்.

"பேன்சி நம்பர் கீது, லக்கி நம்பர் கீது... இது இன்னா நம்பர் சார், பேஜாரா கீது?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்தபடியே கீழே இறங்கி ஸ்கூட்டரை எடுக்கப் போனவன், நம்பர் பிளேட்டைப் பார்த்து நின்றேன். ஆசைப்பட்டு வாங்கிய நம்பர். கூட்டினால் ஒன்பது.

மூன்றால் வகுபடுகிற வண்டி... நம்பி ஏறலாமா?