சேர்த்தெழுதிய பெயர்

எங்கள் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், மட்டக்களப்புப் பக்கத்து ஆள் ஒருவர் வாசிக்க நேர்ந்தால் போதும், எந்தத் தெரு, எந்த வீடு, யாருடைய மகன் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயரில் அங்கே ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் வந்த யாரோ ஒருவன் விட்டுப்போன பெயர். அவன் மொழியை விட்டுப்போகவில்லை. காணி பூமி எதையும் விட்டுப்போகவில்லை. பெயரையும், தலைமுறைக்கு ஒருவருக்கு வரும் பூனைக்கண்ணையும் மட்டும் விட்டுப்போனான். பப்பாவின் தலைமுறையில் அந்தக் கண் அவருடைய தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு வாய்த்தது.

நாங்கள் இருக்கும் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தகப்பனின் பெயரே பிள்ளைகளின் கடைசிப் பெயர். அண்ணன் பிள்ளைகளுக்கு ஒன்று, தம்பி பிள்ளைகளுக்கு வேறொன்று. எங்களுக்கு மட்டும் வெள்ளைக்காரரைப் போல பரம்பரைப் பெயர். பப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடைகளில் எலும்பெடுக்கும் வேலை அவருக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கூட வேலை செய்யும் டெனிஷ்காரர்களிடம், "உங்கட நாட்டுல பாதிப்பேர் ஒரே பேரோட திரியிறீங்க, எங்கட பேர் உலகத்திலயே எங்களுக்கு மட்டும்தான்" என்று தனக்கு வரும் டெனிஷில் சொல்லிச் சிரிப்பாராம்.

அதே பெயரால் ஊரில் அவர் வெட்கப்பட்டதும் உண்டு. பெயரின் முன்பாதி தமிழ்க் காதுக்கு 'வண்டி' போலக் கேட்கும். பின்பாதிக்குள் யாருடைய நாக்கும் நுழைந்ததில்லை. அதனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் வண்டில்காரர் ஆனார்கள். எங்கள் பரம்பரையில் ஒருவர்கூட வண்டில் ஓட்டியதில்லை. தச்சுவேலை, இரும்புவேலை, மோட்டார் திருத்துவது, இவைதான் தொழில். இளந்தாரியாக இருந்தபோது அந்தப் பட்டத்தைச் சொன்ன ஒருவனின் பல்லைப் பப்பா உடைத்திருக்கிறார். சித்தப்பா அப்படியில்லை. தண்ணீர்ப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து "வண்டில்காரர் நிக்கிறாரா?" என்று யாராவது கேட்டால், "நிக்கிறாரு, மாடுதான் மேயப் போயிட்டு" என்பாராம்.

கடல் பொங்கி வந்த வருடம் சித்தப்பாவின் வீட்டைக் கடல் கொண்டுபோனது. சித்தியையும் கொண்டுபோனது. அதன் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் பம்பு திருத்தும் வேலை ஒன்று கிடைத்ததும் கிளம்பிவிட்டார். போகுமுன் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தார். "அங்க கடல் தூரம் அண்ணா, இரைச்சல்கூடக் கேக்காதாம்" என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் சண்டை அவரையும் அங்கிருந்த எல்லோரையும் கடலை நோக்கித்தான் தள்ளிக்கொண்டு போனது.

கடைசியாக அவர் பேசியது மார்கழிக் குளிரில், இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில். இனிமேல் நினைத்த நேரம் எடுக்க முடியாது என்றார். "நம்பர் எனக்குப் பாடம். எழுதி வைக்கல்ல, துண்டு துலைஞ்சிரும். எங்க கரையேறினாலும் மொதல் கோல் உங்களுக்குத்தான்." அதற்குப் பிறகு தொடர்பில்லை.

அப்போது நான் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம். பப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே இன்டர்நெட்டில் தேடுவது என் பொறுப்பானது. இறந்தவர்கள், காயப்பட்டவர்கள், கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் என்று எங்கே பெயர்கள் வந்தாலும் பார்ப்பேன். பப்பா வேலையால் வந்து, சவர்க்கார வாசத்தோடு என் கதிரைக்குப் பின்னால் நிற்பார்.

"நம்மட பேர் வந்ததா மனே?"

இல்லை என்பேன். "நல்லம்" என்பார். உடுப்பு மாற்றப் போவார். அந்த "நல்லம்" நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது.

மேல்மாடியில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் இருந்தார். அவருடைய தம்பியும் வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். அந்தத் தம்பியின் பெயர் தடுக்கி விழுந்தால் அகப்படுகிற பெயர். பக்கத்து நகரமான வைலேயிலேயே அப்பெயரில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருநாள் இறந்தவர்களின் பெயர்களை வானொலியில் வாசித்தபோது அந்தப் பெயரும் வந்தது. அன்ரி எங்கள் குசினியில் வந்து உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தார். அன்ரி அழவில்லை, வழக்காடினார். அந்தப் பெயரில் வன்னியில் நூறு பேர் இருப்பார்கள், தன்னுடைய தம்பியாகத்தான் இருக்கவேண்டும் என்று என்ன சட்டம் என்று கேட்டார். அம்மா ஓம், ஓம் என்றார். கொஞ்சம் தெளிந்ததும், எங்களையும் ஆறுதல்படுத்த வேண்டும் என்று அன்ரிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. பேர் வந்தால் அவர்தான்."

அன்ரி அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அம்மாவின் கையிலிருந்த வடி, கோப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது. நானும் அப்போதுதான் அதை அப்படிப் பார்த்தேன். நூறு பேருக்குள் தம்பியை ஒளித்துவைக்க அன்ரியால் முடியும். எங்கள் சித்தப்பாவை ஒளித்துவைக்க எங்களுக்கு ஓர் ஆளும் இல்லை.

அந்தப் பயத்தில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பப்பாவும் அம்மாவும் டென்மார்க்குக்கு வந்தபோது பதிந்த அதிகாரி, தனித்தனியாக எழுதவேண்டிய பெயரை ஒன்றாகச் சேர்த்து, நடுவில் ஓர் எழுத்தையும் விழுங்கி எழுதிவிட்டார். அந்தப் பிழையோடேதான் நான் வளர்ந்தேன். சித்தப்பாவின் அடையாள அட்டையிலோ பெயர் சரியாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்து யாராவது அந்த எழுத்தை வைத்து எங்களைத் தேடினால் நாங்கள் அகப்படமாட்டோம். ஆகவே எங்கள் பெயரைத் திருத்திவிட வேண்டும்.

இங்கே பெயர் மாற்றுவதைத் தேவாலயக் காரியாலயத்தில் செய்வார்கள். அங்கிருந்த அம்மையார் எங்கள் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த எழுத்தில் நாடு முழுக்க எங்கள் வீட்டார் மட்டும்தான் என்றார். இவ்வளவு அரிதான பெயரை டெனிஷில் 'பெஸ்குட்டெட்' என்பார்களாம். பாதுகாக்கப்பட்ட பெயர். நாங்கள் சம்மதிக்காமல் வேறு யாரும் அதை வைத்துக்கொள்ள முடியாது, சட்டம் விடாது. திருத்திய பெயருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்றார். நான் நன்றி சொன்னேன். அந்த நாட்களில் செய்திகளில் 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்தான் ஓயாமல் அடிபட்டது. சனங்களை அதற்குள் போகச் சொன்னார்கள். செல் குண்டுகளும் அதற்குள்தான் விழுந்தன. பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அம்மையாரின் சொல்லும் இந்தச் சொல்லும் எனக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டேயிருந்தன.

பப்பா கையெழுத்து வைக்கவேண்டிய தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக வைக்கிறேன் என்றார்.

அந்த வாரம்தான் பெயரின் மீதியும் தெரியவந்தது. எங்கள் வகுப்பில் ஒல்லாந்துக்காரன் ஒருவன் படித்தான். அவனுடைய தாத்தாவுக்குப் பழைய குடும்பப் பெயர்களைத் துருவுவது பொழுதுபோக்கு. என் பெயரைச் சரியான எழுத்தில் கொடுத்திருந்தேன். கன்ரீனில் பாணைக் கடித்துக்கொண்டே அவன் பதிலைச் சொன்னான். இப்போது ஒல்லாந்தில் அந்தப் பெயரோடு யாரும் இருப்பதாகத் தாத்தாவுக்குத் தெரியவில்லையாம். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பாதிக்கு 'அந்த இடத்திலிருந்து வந்தவன்' என்று அர்த்தம். பின்பாதி ஒரு கிராமம். தெற்கே, கடலோரத்தில் இருந்தது. ஓர் இரவில் அணை உடைந்து கடல் உள்ளே வந்தது. தேவாலயக் கோபுரம் மட்டும் கொஞ்சக் காலம் தண்ணீருக்கு மேலே தெரிந்ததாம், பிறகு அதுவும் இல்லை. தப்பிப் போனவர்கள் ஊர் பேரைத் தங்கள் பேராக வைத்துக்கொண்டார்கள். கடல் வற்றும் நேரம் சேற்றில் நடந்தால் இப்போதும் ஓட்டுத்துண்டுகள் காலில் தட்டுப்படும் என்றான். அவனுக்கு அது ஒரு நல்ல கதை. உன்னுடையது அருமையான பெயர் என்று என் முதுகில் தட்டினான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னேன். பப்பா கையில் எடுத்த சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாம வண்டில்காரன் இல்ல" என்றார். "கடல் துரத்தின ஆக்கள்."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, தம்பி இப்போது எந்த இடத்தில் இருப்பான் என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் நூல்போல மணல். பப்பா அதன்மேல் பெருவிரலை வைத்தார். விரலுக்குக் கீழே நிலம் முழுவதும் மறைந்துபோனது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் கடுகு வயல்கள் கண்ணைக் குத்தும் மஞ்சளில் பூத்துக் கிடந்தன. அவ்வளவு வெளிச்சம் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறக்கும்போதே வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பப்பா சப்பாத்தோடு ஓடிப்போய் எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினார்.

"தம்பியா?"

"இல்லை அண்ணை. ரண்டர்ஸில இருக்கிற மச்சான் உங்கட நம்பர் தந்தவர்."

வடக்கே ரண்டர்ஸ் நகரத்தில் பப்பாவுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மைத்துனர் வன்னியிலிருந்து தப்பி, வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார். தொடர்பு கிடைத்தால் விசாரித்துச் சொல்லும்படி பப்பா ரண்டர்ஸ்காரரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். மைத்துனர் இரவல் போனில் பேசினார். பின்னால் சனச்சத்தமும், ஒலிபெருக்கியில் சிங்களத்தில் யாரையோ கூப்பிடுவதும் கேட்டன. பப்பா எங்கள் பெயரை முழுதாக, மெதுவாகச் சொன்னார். அப்படியொரு பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. பம்பு திருத்துகிற ஆள் என்றார் பப்பா. அப்படிப் பலர் இருந்தார்கள் என்றார் அவர். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். மைத்துனர் போனை வைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வண்டில்காரர் எண்டு ஒருத்தரைத் தெரியும் அண்ணை. எங்கட தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில இருந்தவர். சொந்தப் பேர் தெரியாது, எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிட்டது. கடைசிக் கிழமை செல் விழுந்ததில அவர் முடிஞ்சார். நாங்கள்தான் மண்ணுக்குள்ள வைச்சனாங்கள்."

அம்மா சப்பாத்து அடுக்கும் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். பப்பா அசையவில்லை. அந்தச் சொல்லுக்காக ஒருவனின் பல்லை உடைத்த மனிதர் அவர்.

"அவரிட்ட வண்டில் இருந்ததா?" என்று கேட்டார்.



"அண்ணை, கடைசியில எல்லாரிட்டையும் ஏதோ ஒரு வண்டில் இருந்தது. காயப்பட்ட ஆக்களை அதில வைச்சுத்தானே தள்ளினது."

"இருந்தது தானே?"

"ஓம் அண்ணை. இருந்திருக்கும்."

"அப்ப சரி. அது வண்டில் வைச்சிருந்த ஆள்."

ஒரே ஒரு கேள்வி பாக்கியிருந்தது. அதைக் கேட்டால் எல்லாம் முடிந்துவிடும். நான் குனிந்து, "அண்ணை, அவற்ற கண்" என்று தொடங்கினேன். பப்பாவின் விரல் தொலைபேசியின் பொத்தானை அழுத்தியது. வீட்டுக்குள் சத்தம் நின்றது. அவர் என்னை முறைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி, வாசலில் கொண்டுபோய் நேராக வைத்தார்.

ஆறுதலாகக் கையெழுத்து வைக்கிறேன் என்று சொன்ன ஞாயிறும் அதுதான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு குசினிக்குள் போனார். பேனை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். காந்தத்தை அகற்றி, தாளை நான்காக மடித்து என் கையில் தந்தார்.

"பிரிச்சு எழுத வேணாம் மனே. சேத்தே இரிக்கட்டும்."

சித்தப்பா தேடினால் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டேன். அவர் கேட்கவிடாத கேள்வியைப் பற்றி நான் பேசவில்லை.

"உசிரோட இரிக்கிறவனுக்கு நம்பர் பாடம். அவன் எடுப்பான். பேரை வைச்சுத் தேடுறவங்க வேற சேதி சொல்லத்தான் தேடுவாங்க."

அதில் பிழை கண்டுபிடிக்க நான் படித்த படிப்பு போதவில்லை. தாளைக் காரியாலயத்துக்குக் கொண்டுபோகவில்லை.

சில வருடங்களாகிவிட்டன. தபால்பெட்டியில் எங்கள் பெயர் அந்த அதிகாரி எழுதியபடி, ஓர் எழுத்துக் குறைந்து, ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கள் கட்டிடத்தில் கம்பித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் இப்போது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதை நிறுத்தப் பப்பா விடமாட்டார், நம்பரை மாற்றவும் விடமாட்டார். அது அடித்தால் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். பிறகு பப்பாதான் எழும்பிப் போவார். அநேகமாக எதையாவது விற்கிற டெனிஷ் பிள்ளை ஒன்றாக இருக்கும். எங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் தடுக்கி, திரும்பத் தொடங்கி, மறுபடியும் பிழையாகச் சொல்லும். அப்போதுதான், அதுவரை இறுகி நின்ற பப்பாவின் தோள் இறங்கும்.