ஜன்னலுக்கு வெளியே நின்ற மனைவி

தி. நகரில் புடவை எடுக்கப் போன இடத்தில், சும்மா மோர் கொடுக்கிறார்களே என்று ஒரு கூடத்துக்குள் நுழைந்தேன். வெளியே வந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓலை வேய்ந்த ஒரு விடுதி வீடு வருஷத்தில் ஒரு வாரம் எனக்குச் சொந்தமாகியிருந்தது. இதற்கு டைம்ஷேர் என்று பெயர். புடவை எடுக்கவில்லை.

மனைவி சண்டை போடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

“ஆத்துல பண்றதையே அங்கயும் வந்து பண்ண மாட்டேன். அந்த ஒரு வாரம் சமையல் உள்ளுல கால் வைக்க மாட்டேன். வைக்கும்படி ஆச்சுன்னா அன்னிக்கே மயிலாப்பூர் திரும்பிடுவேன். உங்க பங்கை என் தம்பிக்குக் குடுத்துடணும்.”

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அந்தத் தம்பிக்குக் கடல் என்றால் உயிர். செலவில்லாத கடல் என்றால் இன்னும் கொஞ்சம்.

‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஏசி கிடையாது என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று போய் இறங்கிய பிறகு தெரிந்தது. குளியலறைக்குப் பாதிக் கூரைதான். மீதிப் பாதி வழியாக ஒரு காகம் நான் குளிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தது, சுவாரஸ்யப்படவில்லை, போய்விட்டது.

சாப்பாடெல்லாம் பொதுக் கூடத்தில் போட்டார்கள். ஆபத்து விடிகாலைக் காப்பியில் இருந்தது. கூடம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். என் மனைவிக்கு ஐந்தரைக்குக் காப்பி வேண்டும். வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் சைதாப்பேட்டைக்காரரைக் கேட்டேன்.

“இன்னா சார், அஞ்சரைக்கா? உள்ள ஸ்டவ்வு கீது, ஃபில்டர் கீது. போட்டுக்க வேண்டியதுதான?”

“போட்டுக்கலாமே” என்றேன், கம்பீரமாக.

காப்பியில் எனக்குத் தெரியாதது இல்லை. வறுவல் பதம் பற்றியும் சிக்கரி எவ்வளவு என்பது பற்றியும் மயிலாப்பூர் காப்பிக் கடைகளில் க்யூவை நிறுத்திவைத்து வாதாடியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் ஒரு வாய் குடித்துவிட்டுச் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறேன். ஃபில்டரைத்தான் இதுவரை தொட்டதில்லை.

மறுநாள் விடிகாலை, பொடியை அடிப்பாத்திரத்தில் கொட்டினேன். ஓட்டை போட்ட பாத்திரத்தை அதன் மேல் வைத்து வெந்நீரை ஊற்றினேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். திறந்து பார்த்தால் சேறு.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி போன் செய்தான்.

“அத்திம்பேர், அக்கா சமையல் உள்ளுக்குப் போயிட்டாளா?”

“இல்லை.”

“சரி, பெட்டி கட்டலாமான்னு கேட்டுக்கத்தான்.”

“கட்டாதே.”

“குரல் ஏன் நடுங்கறது?”

“கடல் காத்து” என்று வைத்துவிட்டேன்.

திரும்பினால் சமையலறை வாசல்படியில் மனைவி. சேற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். பிறகு காலை இறக்கி, வெளியே போனாள். பெட்டியை எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடுப்புக்கு எதிரே இருந்த ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. மணலில் நின்றுகொண்டிருந்தாள்.

“அதைக் கொட்டுங்கோ. பொடி மேல. ஓட்டை இருக்கே, அதுல.”

“அப்போ கீழே?”

“கீழ டிகாக்‌ஷன் வரும். வந்தா. காம்பு வெச்ச சின்னத் தட்டு இருக்கே, அந்தக் குடையை வெச்சு அமுக்குங்கோ. மெதுவா! பஸ்ல ஏறற மாதிரியா அமுக்குவா?”

துடைப்பத்தோடு வந்த சைதாப்பேட்டைக்காரர் நின்றார்.

“இன்னாம்மா வெளிய நின்னுக்கினு கீறீங்கோ? கதவு மாட்டிக்கிச்சா?”

“இல்லப்பா. சார் காப்பி போடறார்.”

“அப்டியா!” என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

டிகாக்‌ஷன் இறங்கும்வரை மூவரும் காத்திருந்தோம். பாலைக் கலந்து டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள். கடல் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு வாய். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முழுவதையும் குடித்த பிறகு சைதாப்பேட்டைக்காரரிடம் சொன்னாள்:

“அடுத்த வருஷம் ஜன்னல் பெரிசா இருக்கற வீடாக் குடுப்பா. இதுல அடுப்பு சரியாத் தெரியலை.”

எனக்கும் கொஞ்சம் கலந்துகொள்ளலாம் என்று திரும்பினேன். மிச்சப் பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.